ஐலீன் சித்தியின் எண்பத்தெட்டு கட்டைகள்

பேரங்காடிக்குப் போனால் ஐலீன் சித்தி எப்படியும் காணாமல் போய்விடுவார். அம்மா கீழே மீன் வாங்கிக்கொண்டிருப்பார். நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். திரும்பிப் பார்த்தால் சித்தி நின்ற இடம் காலியாக இருக்கும். தேட வேண்டியதில்லை. இரண்டாவது மாடியில் ஓர் இசைக்கருவிக் கடை உண்டு. வாசலை ஒட்டி வைத்திருக்கும் கீபோர்டுகளில் எது புதியதோ அதன் முன்னால் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்தபடியே, பூசையில் பாடும் காணிக்கைப் பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருப்பார். எப்போதும் அதே பாட்டு. நான் ஆரம்பப்பள்ளியில் படித்தபோதும் அதுதான், பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்தபோதும் அதுதான். முடித்ததும் சுவிட்சை அணைப்பார். கைக்குட்டையால் கட்டைகளைத் துடைப்பார். பிறகு விற்பனையாளரிடம், "நெக்ஸ்ட் மந்த் லா" என்பார்.

விற்பனையாளர்கள் மாறினார்கள். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

சித்தி புதுக் கருவிகளைப் பார்க்கத்தான் போகிறார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒருநாள் சற்றுத் தள்ளி நின்று கவனித்தேன். ஒரு மலாய்த் தம்பதி நின்று கேட்டார்கள். குழந்தையைக் கையில் பிடித்திருந்த ஒரு சீனப் பெண்ணும் நின்றார். சித்தி தலையைத் தூக்கவில்லை. ஆனால் முடிந்துபோன கடைசி வரியை இன்னொரு முறை வாசித்தார். எங்கள் மாதா கோயிலில் கீபோர்டு வைக்கும் இடம் ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கிறது. பதினேழு வருடமாக சித்தியின் வாசிப்பைக் கேட்டவர்கள் அதிகம், பார்த்தவர்கள் குறைவு.

சித்தி பிறந்தது ஜொகூரில், பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தாத்தா பால்மரம் வெட்டியவர். தோட்டத்துச் சிற்றாலயத்தில் வாரம் ஒருமுறை வந்து ஆர்மோனியம் வாசித்த கன்னியாஸ்திரீயின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே சித்தி வாசிக்கக் கற்றுக்கொண்டாராம். கல்யாணமாகி பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்தார். அருள் சித்தப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டினார். சித்தி பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தார். முதல் கீபோர்டை அதே கடையில்தான் வாங்கினார். பலமுறை போய், பல மாடல்களை வாசித்துப் பார்த்து, கடை முதலாளியான தவுக்கே சலித்துப்போய் நாற்காலியைக் கொடுத்த பிறகுதான் வாங்கினாராம். பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பேருந்தில் கொண்டுவந்தபோது டிரைவர் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார் என்பதை எங்கள் குடும்பத்தில் தெரியாதவர்கள் இல்லை.

சித்திக்குப் பொறாமை உண்டு. அதை அவர் மறைத்ததே இல்லை. அம்மா திரைச்சீலை மாற்றினால் வந்ததும் அதைப் பிடித்துத் தடவிப் பார்த்து, "எனக்கு வயிறு எரியுதுக்கா, எங்க வாங்குன சொல்லு" என்பார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு விழா முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். சித்தி மட்டும் அங்கியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"ரோஸ்லின், கழட்டு. நான் ஒருதடவ போட்டுக்கறேன்."

போட்டுக்கொண்டார். தொப்பியையும் வாங்கி வைத்துக்கொண்டு, சித்தப்பாவிடம் தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படம் இன்றும் சித்தியின் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் இருக்கும் என் படத்தைவிட அது பெரியது.

நான் அப்படியில்லை. கூடப் படித்தவர்கள் சிங்கப்பூரில் வேலை கிடைத்த செய்தியைப் போட்டால் முதல் ஆளாக இதயக்குறி போடுவேன். பிறகு படத்தைப் பெரிதாக்கி, கழுத்தில் தொங்கும் அட்டையில் என்ன பதவி எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். படித்ததால் எனக்கு இந்த நாகரிகம் வந்ததா, அல்லது சித்தியிடம் இருக்கும் துணிச்சல் போனதா என்று தெரியவில்லை.

கிறிஸ்டின் அக்கா பாலோ ஊரிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்தவர். கணவர் தினமும் காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். பாடற்குழுவில் முதலில் பாடத்தான் சேர்ந்தார். பிறகு ஒரு ஞாயிறு ஒத்திகைக்கு நீளமான கறுப்புப் பையோடு வந்தார். பையிலிருந்து புத்தம்புது கீபோர்டு வெளியே வந்தது. எல்லோரும் சுற்றி நின்றோம். சித்தி தன் இடத்தைவிட்டு எழாமல் கேட்டார்.

"எந்தக் கடைல வாங்குன?"

"கடை இல்லக்கா, ஆன்லைன்."

"தொட்டுப் பாக்காமயா?"

"வீடியோ பாத்தேன்க்கா. நெறைய பேரு வாசிச்சுக் காட்டுறாங்க."

"அவங்க விரலா வந்து இங்க வாசிக்கப் போவுது?"

சிரித்தோம். கிறிஸ்டின் அக்காவும் சிரித்தார். பாடற்குழுவை நடத்தும் கிரகோரி அங்கிள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா, ஒண்ணு போடு கேப்போம்" என்றார்.

கிறிஸ்டின் அக்கா ஒன்றும் பெரிதாக வாசிக்கவில்லை. சித்தியின் விரல் வேகம் அவருக்கு இல்லை. ஆனால் அந்தக் கருவியில் வயலின்கள் ஒரு கூட்டமாக எழுந்துவந்தன. எங்கள் சிறிய கோயில் திடீரென்று உயரமாகிவிட்டதுபோல் இருந்தது. கிரகோரி அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். சித்தி அவருடைய மூடிய கண்களைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் அங்கிள் சொன்னார்: "ஐலீன், இனிமே ஆளுக்கு ஒரு வாரம் மாத்தி மாத்தி வாசிங்களேன். கிறிஸ்மஸ் பூசைக்கு யாருன்னு, நாலு வாரம் இருக்கும்போது, அட்வெண்ட் ஆரம்பத்துல பாத்துக்கலாம்."

யாருன்னு. பதினேழு கிறிஸ்மஸ்களில் யாரும் கேட்காத கேள்வி அது.

திரும்பும் வழியில் காரில் சித்தி பேசிக்கொண்டே வந்தார். கீபோர்டைப் பற்றிப் பேசவில்லை. "பெட்டி தானா வந்து வாசல்ல நின்னுச்சாம். பெல் அடிச்சாங்களாம், இவ கதவத் தொறந்தாளாம். அவ்வளவுதானாம். நான் அந்தக் கடைக்கு எத்தன தடவ ஏறி எறங்கியிருப்பேன், சொல்லு. ஒரு நாளாச்சும் எதாச்சும் என்னைத் தேடி வந்திருக்கா?"

அதன்பிறகு சித்தியின் மாலைகள் கைப்பேசியில் கழிந்தன. கிறிஸ்டின் அக்காவின் கீபோர்டு என்ன மாடல் என்று கண்டுபிடித்து, அதை வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் ஒற்றை நட்சத்திரம் போட்டவற்றை மட்டும் தேடிப் படித்தார். ஒத்திகையின் நடுவே எங்களுக்கு வாசித்தும் காட்டினார். "இங்க பாருங்க, கெடாவுல ஒரு ஆளு, மூணே மாசத்துல சத்தம் கரகரங்குதாம். சொல்லக் கூடாதுதான். ஆனா சொல்லாம இருக்கவும் முடியல." கிறிஸ்டின் அக்கா, "அலமாக், பாத்து வச்சிக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

பிறகு ஒருநாள் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "இத எனக்கு ஆர்டர் பண்ணிக் குடு. நம்பர், அட்ரஸ் எல்லாம் போட்டுட்டேன். கடைசி பட்டனைத் தொட கை வரமாட்டேங்குது."

படத்தில் நீளமான கருவி ஒன்று இருந்தது. எண்பத்தெட்டு கட்டை. உண்மையான பியானோவின் அளவு.

"கடையில போய் ஒருதடவ வாசிச்சுப் பாத்துடலாமே சித்தி?"

"அவ கடைக்கா போனா?"

"இவ்வளவு பெருசு வேணுமா?"

"அவளோடது அறுபத்தொண்ணு" என்றார் சித்தி. அந்த ஒரு பதிலோடு பேச்சு முடிந்தது. நான் பட்டனைத் தொட்டேன்.

பெட்டி வரும் முன்பே பழைய கீபோர்டைப் பெக்கோக் பக்கத்துச் சிற்றாலயத்தின் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். "கையில இருந்தா மனசு அதுக்கேதான் போவும்" என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் கைப்பேசியை நீட்டி, "இப்ப ஷா ஆலம்ல இருக்கு, நாளைக்குக் கெளம்பிடும்" என்று பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினார். யாரோ ஒரு மகன் படிப்பு முடித்து ஊர் திரும்புவதைப்போல் அதன் பயணம் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

பெட்டி வந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து பெல் அடித்தார்கள். சித்தி கதவைத் திறந்தார். அந்தப் பெல் சத்தத்தைப் பற்றி எனக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறார். சித்தப்பா அதைப் பொருத்தி முடித்ததும், சித்தி முன்கதவை விரியத் திறந்தார், ஜன்னல்களையும் திறந்தார், பிறகுதான் உட்கார்ந்தார். காணிக்கைப் பாட்டை வாசித்தார். சத்தம் அபாரமாக இருந்தது. எதிர்வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவத் தொடங்கினார். சித்தி கடைசி வரியை இன்னொரு முறை வாசித்தார். எதிர்வீட்டுக்காரர் நிமிரவில்லை.

ஆனால் கோயிலில் சித்திதான் ஜெயித்தார். கோயிலுக்குத் தூக்கிவந்த அந்தப் பியானோவின் ஒலியில் அவருடைய விரல்களுக்குப் புது மரியாதை கிடைத்தது. வீட்டில் பாரமான கட்டைகளை அழுத்திப் பழகிப் பழகி மணிக்கட்டு வீங்கி, தைலம் தடவிக்கொண்டுதான் வந்தார். வருகைப் பாடல் முடிந்ததும் பங்குத்தந்தையே தூணின் பக்கம் தலையைத் திருப்பினார். அட்வெண்ட் முதல் வாரத்தில் கிரகோரி அங்கிள் அறிவித்துவிட்டார்: கிறிஸ்மஸ் பூசைக்கு ஐலீன்.

அன்று சித்தி எல்லோருக்கும் ஐஸைச் சீவிப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். கிறிஸ்டின் அக்காவின் கிண்ணத்தில் மட்டும் தன் கையால் கூடுதலாகச் சோளம் போட்டார். அப்போது கிறிஸ்டின் அக்கா கேட்டார்.

"அக்கா, இந்தத் தடவ கேரல் பாட எங்க வீட்டுக்கும் வருவீங்கதானே? மாமியார் பாலோவுலருந்து வர்றாங்க. அவங்க இதெல்லாம் பாத்ததே இல்ல."

"வராம?" என்றார் சித்தி.

கிறிஸ்மசுக்கு முன்பு மூன்று மாலைகள் வீடு வீடாகப் போய்ப் பாடுவது எங்கள் வழக்கம். எந்த வீட்டுக்கு எப்போது என்று முடிவுசெய்வது சித்தியின் பொறுப்பு. இது சின்ன விஷயமில்லை. பாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்றால் அந்த வீட்டில் நட்சத்திர விளக்கு எரியும், முறுக்கும் கேக்கும் மேசைக்கு வரும், சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். விட்டுப்போன வீடு அடுத்த வருடம்வரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். கிறிஸ்டின் அக்காவின் வீட்டைச் சித்தி மூன்றாவது மாலையில், எல்லோருக்கும் கடைசியாக வைத்தார். என்னிடமும் அக்காவிடமும் தவிர யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

முதல் மாலை, முதல் வீட்டு வாசலில்தான் எல்லோருக்கும் புரிந்தது. கேரல் பாடுவது கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடி. பழைய கீபோர்டு ஆறு தடித்த பேட்டரிகளில் ஓடியது. ஒவ்வொரு டிசம்பரிலும் சித்தி பேட்டரி வாங்குவார். பேட்டரி போட முடியாத கீபோர்டு ஒன்று இருக்கும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. கடையாக இருந்திருந்தால் கை தானாகவே அடிப்பக்கம் போய் பேட்டரி மூடி இருக்கிறதா என்று தடவியிருக்கும். கைப்பேசியில் அவர் பார்த்தது கட்டைகளை மட்டும்தான்.

சித்தப்பாவும் கிரகோரி அங்கிளும் அந்தப் பெரிய கருவியை மூச்சு வாங்க இறக்கினார்கள். வீட்டுக்காரர் ஒயரைத் தேடினார். கிடைத்த ஒயர் ஜன்னல்வரைதான் வந்தது. சமையலறையிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து கோத்தார்கள். அதற்குள் பிள்ளைகள் பாட்டை மறந்து கேக்கைத் தின்னத் தொடங்கியிருந்தார்கள்.

"ஐலீன், இன்னும் ஆறு வீடு இருக்கு லா" என்றார் கிரகோரி அங்கிள். "ஆறு வீட்டுலயும் ஒயர் கேப்பியா?"

சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் ஆன்லைன்ல மாத்திக்க. புதுசா ஒரு புருஷன் வருவான், தூக்குவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை.

கிறிஸ்டின் அக்கா தன் காரின் பின்கதவைத் திறந்தார். அந்தக் கறுப்புப் பை அங்கே இருந்தது. ஸ்டாண்டை விரித்து, கீபோர்டை ஏற்றி, சுவிட்சைப் போட்டுவிட்டு விலகி நின்றார்.

"நீங்க வாசிங்கக்கா. எனக்கு இருட்டுல விரல் தடுமாறும்."

அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். வாசல் முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சித்தி வாசித்தார். அந்த வீட்டிலும், அடுத்த ஆறு வீட்டிலும், மறுநாள் மாலையிலும். ஒவ்வொரு வீட்டிலும் கிறிஸ்டின் அக்கா ஸ்டாண்டை மடக்கித் தூக்கிக்கொண்டு வந்தார், விரித்தார், சித்தி நின்று வாசித்தார், மறுபடி அக்கா மடக்கினார். வயலின்கள் கூட்டமாக எழுந்தன. வீட்டுக்காரர்கள், "இந்த வருஷம் மியூசிக் சூப்பரா இருக்கு" என்று சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சித்தி புன்னகைத்தார். இது யாருடையது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. கிறிஸ்டின் அக்காவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சித்தியின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தான் ஏங்கியது இப்போது தன் விரலுக்கடியில் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது, அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. எனக்கென்று பறிகொடுக்க ஓர் இடம்கூட இல்லை. நேர்முகத் தேர்வுகளில் யாரோ ஒருவருடைய நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், அவ்வளவுதான். ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கும் இருக்கைக்காக இவ்வளவு எரிய முடிகிற சித்தி, எனக்குப் பணக்காரராகத் தெரிந்தார்.

மூன்றாவது மாலை மழை. ஜொகூரின் டிசம்பர் மழை, சாக்கடை நிறையும்வரை விடாது. கடைசிக்கு முந்திய வீட்டில் எங்களை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். சாப்பிட்டு எழுந்தபோது கிரகோரி அங்கிள் தொண்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஐலீன், இன்னும் வீடு பாக்கி இருக்கா?"

சித்தி வெளியே மழையைப் பார்த்தார். கிறிஸ்டின் அக்கா ஸ்டாண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில், அந்த மாமியார் முன்னால், அந்த வீட்டுக்கே சொந்தமான கீபோர்டை வாசிக்க வேண்டும் என்பதைத்தான் சித்தி நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"இல்லண்ணே" என்றார் சித்தி. "அவ்வளவுதான்."

நான் வாயைத் திறக்கும் முன்பே கிறிஸ்டின் அக்கா முந்திக்கொண்டார். "ஆமாண்ணே, முடிஞ்சிடுச்சு. மழை வேற, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

என்னை அவர்தான் காரில் ஏற்றிக்கொண்டார். முதலில் தன் வீட்டுக்கே போனார். அவர் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மேசைமேல் பலகாரங்கள் வலைமூடிக்கடியில் இருந்தன. ரோஸ் சிரப் கலந்த பெரிய ஜாடியில் ஐஸ் கரைந்து மேலே தண்ணீராக நின்றது. புதுச் சேலை கட்டிய ஒரு பெரியம்மா கதவருகே வந்து எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா பாட்டுக்காரவங்க?"

"மழை அத்தே. வரமுடியாமப் போச்சு."

"தூறல்தானே?" என்றார் அந்தப் பெரியம்மா. உண்மையில் அதற்குள் மழை குறைந்துவிட்டிருந்தது.

கிறிஸ்மஸ் பூசையில் சித்தி பியானோ வாசித்ததைப்போல் அதற்கு முன்பு வாசித்ததில்லை. அதைச் சொல்லாவிட்டால் நான் பொறாமைக்காரி ஆகிவிடுவேன். பிப்ரவரியில் தொழிற்சாலை சித்தியின் பிரிவைப் பினாங்குக்கு மாற்றியது. சித்திக்குப் பதவி உயர்வு வந்தது. பெரிய கருவியை லாரியில் முதலில் ஏற்றச் சொன்னார். புறப்படும் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ வீட்டுக்கு ஒரு பாட்டு பாக்கி இருக்கு. அடுத்த கிறிஸ்மசுக்கு வரும்போது மொத வீடு அவ வீடுதான்" என்றார். அவ என்று யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கிறிஸ்மசுக்கு அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. இப்போது தூணுக்குப் பின்னால் கிறிஸ்டின் அக்காதான் உட்கார்கிறார். இந்த வருடம் கேரலுக்கு வீடுகளை முடிவுசெய்தபோது கிரகோரி அங்கிள் அவர் வீட்டை முதலாவதாகச் சொன்னார்.

"வேணாண்ணே" என்றார் கிறிஸ்டின் அக்கா. குரலில் கோபம் இல்லை. "எங்க வீட்டுக்கு ஐலீன் அக்கா வந்து பாடணும். அது அவங்க பாக்கி. வேற யாரும் அடைக்க வேணாம்."

அது மன்னிப்பா, அல்லது விடமாட்டேன் என்பதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்று மாலையே சித்திக்குப் போன் செய்து சொன்னேன்.

"அவ இன்னும் அதே கீபோர்டுதான் வச்சிருக்காளா?" என்று கேட்டார்.

"ஆமா சித்தி."

"ம்" என்றார். லீவு போட்டிருக்கிறாரா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். மூன்று மாலைகளும் முடிந்தன, எல்லா வீடுகளுக்கும் போய்ப் பாடினோம். கிறிஸ்டின் அக்கா வீட்டு வாசலில் இதுவரை யாரும் பாடவில்லை.